அத்தையின் இடது கை

சிறுநீரகம் இரண்டும் செயலிழந்துவிட்டது என்று டாக்டர் சொன்னபோது அத்தை கேட்டது ஒரே கேள்விதான்: "நான் என்ன செய்யணும்?" அழுததெல்லாம் நாங்கள்.

வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ். அதற்காக இடது முன்கையில் ஆபரேஷன் செய்து ஒரு தமனியையும் சிரையையும் இணைத்தார்கள். ஃபிஸ்டுலா என்பார்கள். அந்தச் சிரை தடித்து ஊசி தாங்கும் பக்குவத்துக்கு வர இரண்டு மாதம் ஆனது. அதுவரை கழுத்தில் போட்ட குழாய் வழியாகத்தான்.

ஃபிஸ்டுலா நன்றாக இருந்தால், தொடும்போது உள்ளே 'கிர்ர்' என்று ஓர் அதிர்வு இருக்கும். அது நின்றுபோனால் அடைத்துக்கொண்டது என்று அர்த்தம். உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். தினமும் கண்விழித்ததும் படுத்தபடியே வலது கை விரல்களை அங்கே வைப்பார். "ஓடுது" என்பார். விரலை எடுக்காமலே கண்மூடிப் பிரார்த்தனை. அதில் நன்றி சொல்வதைத்தான் கேட்டிருக்கிறேன்.

அந்தக் கையில் ரத்த அழுத்தம் பார்க்கக் கூடாது, ரத்தம் எடுக்கக் கூடாது. அவசரத்தில் ஒரு நர்ஸ் அதிலேயே பட்டையைச் சுற்றப் போனார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அத்தை வலது கையை நீட்டி, "இதுல பாரும்மா" என்றார். அவ்வளவுதான்.

ஊசியை விடக் கஷ்டம் தண்ணீர். சிறுநீர் அநேகமாக நின்றுவிட்டதால், குடிப்பதெல்லாம் உடம்பிலேயே தங்கும். ஒரு லிட்டர் குடித்தால் எடையில் ஒரு கிலோ. அத்தை ஒரு வழி வைத்திருந்தார். அன்றைக்கு அனுமதித்த அளவைக் காலையிலேயே ஒரு பாட்டிலில் நிரப்பிவிடுவார். காபியோ ரசமோ எது குடித்தாலும், அதே அளவைப் பாட்டிலிலிருந்து செடிக்கு ஊற்றிவிடுவார். பாட்டில் காலியானால் அன்றைய கணக்கு முடிந்தது. உப்பைக் குறைத்த பிறகு தாகமே பாதி அடங்கியது என்பார். இப்போது டயாலிசிஸ் தொடங்குகிற யாரிடமும் நான் முதலில் சொல்வது உப்பைத்தான்.

தைரியசாலி என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் முழுசும் அப்படியில்லை. ஒருமுறை நான்கு கிலோ ஏறிப் போயிருந்தார். அவ்வளவு நீரையும் ஒரே அமர்வில் இழுத்ததில் கெண்டைக்கால் இரண்டும் கல்லாக இறுகிவிட்டன. நான் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தேன். "போதும் கடவுளே, இனி முடியாது" என்று வாய்விட்டு அழுதார். வீடு திரும்பும் வழியெல்லாம் பேசவில்லை. மறுநாள் காலை எட்டிப் பார்த்தேன். விரல்கள் மணிக்கட்டில் இருந்தன, உதடு அசைந்துகொண்டிருந்தது.

அப்படி ஒன்பது வருடம்.

கடைசியில் இதயம் தளர்ந்துவிட்டது. கைவிரல்கள் மரத்துப்போய், தொட்டால் தெரியவில்லை. ஒரு விடிகாலை என் கையைப் பிடித்துத் தன் இடது கையில் வைத்தார்.

"ஓடுதா கண்ணு?"

"ஓடுது அத்தை."

கண்ணை மூடிக்கொண்டார். பிரார்த்தனை முடியும் வரை நான் விரலை எடுக்கவில்லை.