கொடுமணல் ஈமக்காட்டில் நாலு சுற்று, ஒரு முள் இல்லாமல்

ஐந்தாவது ஞாயிற்றுக்கிழமைதான் முடிந்தது. நாலு சுற்று ஓட்டம், மொத்தம் 12.6 கிலோமீட்டர், நடுவில் ஒரு தடவைகூட உட்கார்ந்து முள் பிடுங்கவில்லை. நேரத்தைக் கேட்காதீர்கள். சரி, கேட்டாலும் சொல்லிவிடுகிறேன்: 1 மணி 41 நிமிடம். இதே தூரத்தைத் தார் ரோட்டில் 1 மணி 12 நிமிடத்தில் ஓடுகிறவன் நான்.

சென்னிமலைக்கு மேற்கே பதினைந்து கிலோமீட்டர் போல, நொய்யலின் வடகரை. பதிற்றுப்பத்தில் வருகிற கொடுமணம் இதுதான். 1985லிருந்து விட்டு விட்டுத் தோண்டிக்கொண்டே இருக்கிறார்கள். ஆட்கள் வாழ்ந்த மேடு ஒரு பக்கம், அவர்களைப் புதைத்த காடு இன்னொரு பக்கம். காடுதான் பெரியது, நூறு ஏக்கருக்குச் சமாதியைச் சுற்றிய கல்வட்டங்களும் கற்பலகைக் கல்லறைகளான பதுக்கைகளுமாகக் கிடக்கிறது. விடியற்காலையில் பனங்கூட்டத்துக்குப் பின்னால் சூரியன் ஏறும்போது ஒவ்வொரு கல்லுக்கும் ஆளுயரத்துக்கு நிழல் விழும். அந்தப் பத்து நிமிடத்துக்காகவே நாலரை மணிக்கு எழலாம்.

எனக்கு நானே போட்டுக்கொண்ட விதி ஒன்று: எந்தக் கல்வட்டத்துக்குள்ளும் கால் வைக்கக் கூடாது. செத்தவர்களுக்கான மரியாதை பாதி. மீதி, அங்கே கால் வைத்தால் கணுக்கால் போய்விடும். பாதி வட்டங்கள் மண்ணுக்குள் இருக்கின்றன, மேலே கொழுக்கட்டைப் புல் மூடியிருக்கிறது. அதனால் வண்டித்தடத்தையும் வரப்பையும் பிடித்தே சுற்று போட்டேன். தடம் போகிற நிலமெல்லாம் ஒவ்வொருவருடைய காடு. கேட்டுவிட்டுத்தான் ஓட வேண்டும். முதல் வாரம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஆத்தா கேட்டது: “ஏங்கண்ணு, ஆராச்சும் தொரத்தறாங்களா?”

“இல்லீங்க ஆத்தா, சும்மா ஓடறனுங்க.”

“சும்மா ஓடறதுக்குச் செத்தவங்க காடுதான் கெடச்சுதா?”

பதில் சொல்லத் தெரியவில்லை. அடுத்த வாரத்திலிருந்து அந்த ஆத்தாவே எனக்கு முள் பிடுங்க ஊக்கு கொடுக்க ஆரம்பித்துவிட்டது. இரும்பு உருக்கிய ஊருக்கு முள்வாங்கி இல்லாமல் வந்தவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

இனி முள். வெள்வேலான் முள். ஆடுகளுக்குக் காய் உதிர்க்கக் கிளையை வெட்டிப் போடுவார்கள். காயை ஆடு தின்றுவிடும், முள் தடத்திலேயே கிடக்கும். வெள்ளையாக, நேராக, தையல் ஊசி மாதிரி. டிரெயில் ஷூ போட்டிருக்கிறோமே என்று மிதப்பாகப் போகாதீர்கள். அடியில் இருக்கிற குமிழ்கள்தான் கெட்டி. குமிழுக்கும் குமிழுக்கும் நடுவில் ரப்பர் அட்டை கனம்கூட இல்லை, அதற்கு மேல் வெறும் ஃபோம். முள் சரியாக அந்தச் சந்தைத்தான் தேடி ஏறுகிறது.

முதலில் சைக்கிள் டியூபை வெட்டி உள்ளே போட்டேன். முள் அதையும் கூட்டிக்கொண்டு காலுக்கு வந்தது. அடுத்து வீட்டில் கிடந்த பழைய எக்ஸ்ரே ஃபிலிம், இரண்டு மடிப்பு. ஓரளவு தாங்கியது. ஆனால் அடிக்கு அடி சரசரவென்று சத்தம், மூன்றாவது கிலோமீட்டரில் அதன் ஓரமே சாக்ஸை அறுத்துவிட்டது. அப்பாவின் மூட்டு என் குதிகாலைக் கடிக்கும் என்று யார் நினைத்தார்கள்.

கடைசியில் தோல். ஈரோட்டில் செருப்புத் தைக்கிற ஓர் அண்ணனிடம் கேட்டேன். மேல்தோல் வேண்டாம், அடித்தோல் போடுங்கள் என்று 3 மில்லிமீட்டரில் வெட்டிக் கொடுத்தார். முள் ஏறவில்லைதான். ஆனால் பாதம் மடங்கவே இல்லை. பலகையைக் கட்டிக்கொண்டு ஓடுகிற மாதிரி, ஒரே சுற்றில் கெண்டைக்கால் இறுகிவிட்டது. மறுபடி அவரிடமே போனேன். பெருவிரல் மடிகிற இடத்தில் குறுக்கே இரண்டாக வெட்டி, ஓடு வேய்கிற மாதிரி ஒன்றின் மேல் ஒன்று ஏற்றிவிடலாம் என்றார். இங்கேதான் சூட்சுமம். முன்துண்டு மேலே, பின்துண்டு கீழே வர வேண்டும். நான் வீட்டில் மாற்றிப் போட்டுவிட்டு, விளிம்பு பாதத்தில் குத்துகிறது என்று இரண்டு நாள் அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஏற்றம் ஒன்றரை விரல்கடை இருக்கட்டும். குறைந்தால் மடியும்போது இடைவெளி விழுகிறது. மேல்விளிம்பைக் கண்ணாடித் துண்டால் சீவிவிடுங்கள். விளக்கெண்ணெய் தடவி ஒரு ராத்திரி வைக்கச் சொன்னது அந்த ஆத்தாதான், கிணற்றில் மாடு கட்டித் தண்ணீர் இறைக்கிற கவலைத் தோலுக்கு அப்படித்தான் போடுவார்களாம். இதற்கு மேல் ஷூவோடு வந்த அட்டையை வைத்துவிட்டால் தோல் இருப்பதே தெரியாது. ஒரு காலுக்கு 38 கிராம் கூடுகிறது. நகைக்கடைத் தராசில் போட்டுப் பார்த்தேன், கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

சாக்ஸுக்குத் திருப்பூர் காதர்பேட்டை போதும். ஏற்றுமதியில் மிஞ்சியதைக் கட்டுக் கட்டாக வைத்திருக்கிறார்கள். புல் விதை ஒட்டாத வழவழப்பான ரகமாகக் கையை உள்ளே விட்டுப் பார்த்து எடுங்கள். காட்டன் எடுத்தால் வீட்டுக்கு வந்து விதை பொறுக்கவே அரைநாள் ஆகும்.

பொறுக்குவது என்றதும் ஒன்று. மழை பெய்த மறுநாள் தடத்தில் சின்னதாக மணி மின்னினால் குனியாதீர்கள், அது நமக்கில்லை. ஒரே குழியில் இரண்டாயிரத்துக்கும் மேல் சூதுபவள (செந்நிறக் கார்னீலியன் கல்) மணிகள் கிடைத்த இடம் இது. பச்சைக்கல்லாவது (பெரில்) பக்கத்தில் படியூரில் கிடைத்திருக்கும். சூதுபவளம் குஜராத் பக்கமிருந்து வந்தது என்கிறார்கள். அவ்வளவு தூரம் வந்த கல்லுக்குப் பக்கத்தில் நின்று, பன்னிரண்டு கிலோமீட்டருக்கு இத்தனை அலட்டல்.

அடுத்தது சென்னிமலைப் படி, 1,320. நிற்காமல் ஏற வேண்டும். அதற்குத் தோல் வேண்டியதில்லை, கழற்றிவிடுவேன். ஆனால் அதற்கு முன் இந்த வேலையே முழுதாக முடியவில்லை. நேற்றுக் கழற்றிப் பார்த்தால் வலது ஷூவில் பின்துண்டு அரை விரல்கடை பின்னால் நகர்ந்திருக்கிறது. பசை போட்டால் பாதம் மடங்காது, தைத்தால் ஊசி போன ஓட்டையில் முள் ஏறும். புதன்கிழமை ஈரோடு போகிறேன், அண்ணன் என்ன சொல்கிறார் என்று பார்ப்போம்.