வால்சிங்கம் மாதா: வெறுங்காலோடு நடக்க வேண்டிய ஒரு மைல்

லண்டனிலிருந்து கோச்சில் வால்சிங்கம் வருகிற நம் மக்களில் பலர் திருப்பலி முடிந்து, மாதாவின் காலடியில் மெழுகுதிரி ஏற்றி, சாப்பிட்டுவிட்டு அப்படியே திரும்பிவிடுகிறார்கள். அவர்கள் வணங்கிய இடம் திருப்பயணத்தின் வாசல்தான். மாதாவின் திருவீடு நின்ற மண் அங்கிருந்து ஒரு மைல் தள்ளி, ஊருக்குள் இருக்கிறது. அந்த ஒரு மைலை நடக்காமல் வால்சிங்கம் போய்வந்தோம் என்று சொல்வது பாதிதான் உண்மை.

இங்கிலாந்தின் கிழக்கே, நார்ஃபோக் மாவட்டத்தில், ஸ்டிஃப்கீ ஆற்றங்கரையில் இருக்கும் சிற்றூர் இது. லிட்டில் வால்சிங்கம், கிரேட் வால்சிங்கம் என்று அடுத்தடுத்து இரண்டு ஊர்கள். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். பெரிய ஊரும் திருவீடு நின்ற இடமும் லிட்டிலில்தான்.

மரபு சொல்வது இது. 1061-இல் ரிச்செல்டிஸ் டி ஃபவெர்ஷ் என்ற சீமாட்டிக்கு மாதா காட்சி கொடுத்து, கபிரியேல் தூதர் மங்கள வார்த்தை சொன்ன நாசரேத்து வீட்டைக் காட்டி, அதே அளவில் இங்கே ஒன்று கட்டச் சொன்னார். பனி படர்ந்த புல்வெளியில் நனையாத இடங்கள் இரண்டு தெரிந்தன. கிணறுகளுக்கு அருகே இருந்ததில் தச்சர்கள் வேலையைத் தொடங்க, மரங்கள் பொருந்தவே இல்லை. மறுநாள் காலை பார்த்தால் வீடு 200 அடி தள்ளி முழுதாக எழும்பி நின்றது. 15-ஆம் நூற்றாண்டுப் பாடல் ஒன்று இப்படிச் சொல்கிறது. வரலாற்றாசிரியர் சிலர் இந்த வீட்டை அடுத்த நூற்றாண்டுக்குத் தள்ளுகிறார்கள். 1153 வாக்கில் அகுஸ்தீன் சபைத் துறவிகள் அதைச் சுற்றி மடம் அமைத்தது உறுதி. 1479-இல் ஒருவர் அளந்து எழுதி வைத்ததன்படி உட்புறம் 23 அடி 6 அங்குல நீளம், 12 அடி 10 அங்குல அகலம். அவ்வளவு சிறிய மரவீட்டைத் தேடி மூன்றாம் ஹென்றி தொடங்கி மன்னர்கள் வந்தார்கள். எட்டாம் ஹென்றி 1511-இல் பக்கத்து ஊரான பார்ஷாமிலிருந்து வெறுங்காலோடு நடந்து வந்தான் என்பார்கள். அதே மன்னனின் ஆணைக்குத்தான் 1538-இல் மடம் வீழ்ந்தது. மாதாவின் சுரூபத்தை லண்டனுக்குக் கொண்டுபோய் எரித்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டே மடத்தின் துணைத் தலைவர் நிக்கலஸ் மைலம் உள்ளிட்டோர் எதிர்ப்புச் சதி என்ற குற்றச்சாட்டில் கொல்லப்பட்டார்கள்.

இப்போது வழி. ரயிலில் வருபவர்கள் கிங்ஸ் லின்னில் இறங்கி, ஃபேக்கனம் வழியாக பஸ் பிடிக்க வேண்டும். பஸ் குறைவு, ஞாயிற்றுக்கிழமை இன்னும் குறைவு. திரும்பும் பஸ் நேரத்தை முதலிலேயே பார்த்து வைக்காதவர்கள் மாலையில் டாக்சி தேடி அலைய நேரும். காரில் வருபவர்களுக்கு வேறொரு சிக்கல். வழிகாட்டிக் கருவியில் வால்சிங்கம் என்று மட்டும் போட்டால் ஊருக்குள் இருக்கும் ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபையின்) திருத்தலத்தில் கொண்டுபோய் விடும். கத்தோலிக்க பசிலிக்கா ஹௌட்டன் செயின்ட் ஜைல்ஸ் என்ற சிற்றூரை ஒட்டி இருக்கிறது. அந்தப் பெயரைப் போட்டுத் தேடுங்கள்.

அங்கேதான் ஸ்லிப்பர் சேப்பல். 14-ஆம் நூற்றாண்டில் புனித கத்தரீனாள் பெயரில் கட்டப்பட்ட சின்னஞ்சிறு கல் ஆலயம். திருப்பயணிகள் இங்கே காலணியைக் கழற்றி வைத்துவிட்டு நடந்தார்கள். மடம் அழிந்தபின் கொல்லன் பட்டறையாகவும் மாட்டுத் தொழுவமாகவும் கிடந்ததை சார்லட் பியர்சன் பாய்ட் 1890-களில் வாங்கி மீட்டார். 1897-இல் திருப்பயணம் மீண்டும் தொடங்கியது. 1934-இல் இது இங்கிலாந்தின் தேசிய மாதா திருத்தலம் ஆனது. 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் பசிலிக்கா நிலைக்கு உயர்த்தினார். உள்ளே ஒரு சிறு குழு நின்றாலே நிறைந்துவிடும். அதனால் பெரிய திருப்பலிகள் 1980-களில் பக்கத்தில் எழுந்த ஒப்புரவு ஆலயத்தில் நடக்கும். பீடத்தின் பின்புறம் திறந்து, வெளியே புல்வெளியில் இருப்பவர்களும் பங்குகொள்ளும்படி அது கட்டப்பட்டிருக்கிறது.

சுரூபத்தை நிதானமாகப் பாருங்கள். வேளாங்கண்ணி மாதாபோல் நிற்கும் கோலம் இல்லை. பழைய மடத்து முத்திரையில் உள்ளபடி அரியணையில் அமர்ந்து, மடியில் பாலனையும் கையில் லீலி மலரையும் ஏந்தியிருக்கிறார். வளாகத்தில் நிற்கும் 14 மரச்சிலுவைகள் 1948-இல் இங்கிலாந்தின் பல ஊர்களிலிருந்து தோளில் சுமந்து நடந்து கொண்டுவரப்பட்டவை. இன்று சிலுவைப் பாதை அவற்றினூடேதான்.

இனி நடை. தார்ச்சாலை குறுகல், நடைமேடை கிடையாது, திருப்பங்களில் கார் தெரியாது. பிள்ளைகளோடு அதில் போகக் கூடாது. அருகிலேயே, தண்டவாளம் எடுக்கப்பட்ட பழைய ரயில் பாதை நடைவழியாக இருக்கிறது. அதில் 53 மணி செபமாலை சொல்லிக்கொண்டே மெல்ல நடந்தால் அரைமணி நேரம். நேர்த்திக்கடனாக வெறுங்காலோடு நடப்பவர்கள் ஒரு சின்னத் துவாலையும், பையில் காலணியும் வைத்துக்கொள்ளுங்கள். சரளைக்கல் குத்தும், மழை பெய்தால் சேறு. நீரிழிவு உள்ளவர்கள் செருப்போடுதான் நடக்க வேண்டும். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் கல் கிழித்ததே தெரியாது. மாதா அதைக் கேட்கவில்லை.

ஊரை எட்டும் இடத்தில் பழைய ரயில் நிலையம் ஒன்று ஆர்த்தடாக்ஸ் சிற்றாலயமாக மாறி நிற்கிறது. அதைத் தாண்டினால் மேல்மாடி முன்தள்ளிய மரச்சட்ட வீடுகளும், காமன் பிளேஸ் சதுக்கத்தில் எண்கோண வடிவிலான பழைய தண்ணீர்க் கட்டடமும். பக்கத்திலுள்ள ஷைர்ஹால், பழைய நீதிமன்றம், இப்போது அருங்காட்சியகம். மடத்து வளாகத்துக்கு நுழைவுக் கட்டணம் உண்டு, ஆண்டு முழுவதும் ஒரே நேரத்தில் திறந்திருக்காது. கிளம்புமுன் விசாரிக்காதவர்கள் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புவது இங்கேதான் நடக்கிறது. உள்ளே மிஞ்சியிருப்பது கிழக்குச் சாளரத்தின் உயர்ந்த வளைவும் இரட்டைக் கிணறுகளும். திருவீடு நின்ற இடம் அந்தப் பழைய ஆலயத்தின் வடபுறம். 1961-இல் அகழ்ந்து கண்டார்கள். வெறும் புல்தரை. பலர் வளைவின் முன் படம் எடுத்துக்கொண்டு இந்தப் புல்லைக் கடந்து போய்விடுகிறார்கள். ஒரு மங்கள வார்த்தை செபம் சொல்ல வேண்டிய இடம் இதுதான்.

ஆங்கிலிக்கன் திருத்தலத்தையும் விட வேண்டாம். பங்குத் தந்தை ஹோப் பேட்டன் 1931-இல் திருவீட்டை மறுபடி எழுப்பினார். கட்டும்போது வெளிப்பட்ட கிணற்றின் நீரை இன்றும் ஒரு மிடறு பருகக் கொடுத்து, நெற்றியில் சிலுவை வரைந்து, கைகளில் ஊற்றுகிறார்கள். யாரும் போகலாம்; சபை கேட்பதில்லை.

ஜூலை மாதத்துத் தமிழர் திருப்பயணத்துக்கு ஆயிரக்கணக்கானோர் வருகிறார்கள். இலங்கையின் மடு மாதா கோயிலில் போலவே இந்துக்களும் கூட்டத்தில் உண்டு. அன்று பாதை முழுக்கக் கோச் நெரிசல், நிழல் குறைவு. பாய், குடை, தண்ணீர் கட்டாயம். ஒப்புரவு (பாவசங்கீர்த்தனம்) செய்ய விரும்புவோர் முற்பகலிலேயே வரிசையில் நின்றுவிடுங்கள். ஊருக்குள் நடக்க அன்று நேரம் கிடைப்பது அரிது. அமைதியாகத் திருவீட்டு மண்ணில் நிற்க வேண்டுமானால், திருநாளான செப்டம்பர் 24-ஐ ஒட்டிய ஒரு வாரநாளில் தனியாக இன்னொரு முறை வாருங்கள்.