மண் நெடி இல்லாத பச்சௌலி

சென்ட்டில் சேர்க்கும் பச்சௌலி இலை வாசம் என்றாலே முகம் சுளிப்பவர்கள் பெரும்பாலும் அதன் முரட்டு எண்ணெயை மட்டும் முகர்ந்தவர்கள். அத்தர் கடையில் புட்டியைத் திறந்ததும் கற்பூர நெடி மூக்கில் ஏறும், பின்னாலேயே ஈர மண் வாடை வரும். அதைப் பூசிக்கொண்டு ஆபீஸ் பஸ்ஸில் ஏற எனக்கு மனசு வராது. ஆனால் அந்த நெடிக்கு அடியில் கோகோ மாதிரி மெல்லிய இனிப்பு ஒன்று இருக்கிறது. நான் தேடுவது அதைத்தான்.

பச்சௌலி புதினாக் குடும்பத்துச் செடி. உலகச் சந்தைக்கு வரும் எண்ணெயில் பெரும்பகுதி இந்தோனேசியாவிலிருந்து வருகிறது. இலையைக் காயவைத்து ஆவியில் வடிக்கிறார்கள். புது எண்ணெய் கரடுமுரடாக இருக்கும், வருஷக்கணக்கில் இருந்தால் பதமாகும். மறுபடி வடித்து, மண் நெடியும் கற்பூர நெடியும் உள்ள பகுதிகளைக் கழித்துவிடவும் முடியும். 2014இல் வாசனைப் பொருள் தயாரிக்கும் ஃபிர்மெனிச் நிறுவனம் சர்க்கரையை நொதிக்கவைத்து கிளியர்வுட் என்ற பொருளையே கொண்டுவந்தது. அதில் பச்சௌலியின் மர வாசம் உண்டு, மண் கிடையாது.

அதனால் சென்ட் பெட்டியில் பச்சௌலி என்று போட்டிருப்பதை மட்டும் பார்த்து வாங்கவும் வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம். எந்த மாதிரி எண்ணெய், கூட என்ன சேர்த்திருக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

1992இல் வந்த முக்ளர் நிறுவனத்தின் ஏஞ்சல் என்ற சென்ட்தான் இந்த இனிப்பு வழியைத் திறந்தது. பஞ்சுமிட்டாய் வாசம் தரும் எத்தில் மால்டாலைத் தாராளமாகப் போட்டு, எதிரில் பச்சௌலியை நிறுத்தினார்கள். துணிச்சலான வேலை, மதிக்கிறேன். ஆனால் சென்னை வெயிலில் அது எனக்குத் தலைவலி. 2001இல் ஷனெல் கொண்டுவந்த கோகோ மத்மசெல் இன்னும் நாசூக்கு: ஆரஞ்சு, ரோஜா, மல்லிகை, அடியில் நெடி கழித்த பச்சௌலி. லான்கோமின் லா வி எ பெல் (2012) பிரலின் (சர்க்கரைப் பாகில் புரட்டிய கொட்டை) இனிப்பு தூக்கலானது. இனிப்புப் பிரியர்களுக்குச் சரி.

என் மனசைப் பறித்தது ஷனெலின் கொரமாண்டல், 2007. முதலில் புளிப்பாக ஆரஞ்சு வாசம். அது அடங்கியதும் பச்சௌலி வருகிறது, கூடவே சாம்பிராணிப் பிசினும் வெள்ளைச் சாக்லேட் போன்ற ஒரு பால் இனிப்பும். பேர் வந்தது சீனத்து அரக்குத் திரைகளிலிருந்து. நம் சோழமண்டலக் கரை வழியாக ஐரோப்பாவுக்குக் கப்பலேறியதால் அவற்றுக்கு அந்தப் பேர். விலை கையைக் கடிக்கும். அதனால் சின்னக் குப்பியில் பிரித்து விற்பவர்களிடம்தான் வாங்குகிறேன்.

கடையில் சென்ட் அடித்து நீட்டும் காகிதத் துண்டை முகர்ந்துவிட்டு உடனே பில் போடாதீர்கள். பச்சௌலி கனமான வாசனை, மெதுவாகத்தான் ஆவியாகும். முழங்கையின் உள்பக்கம் ஒரு தெளிப்பு அடித்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். மேலே இருக்கும் பழமும் பூவும் போய், மூணு நாலு மணி நேரம் கழித்து என்ன மிஞ்சுகிறதோ அதுதான் நீங்கள் காசு கொடுக்கும் பச்சௌலி. பருத்தித் துப்பட்டாவின் ஓரத்திலும் கொஞ்சம் அடித்துப் பாருங்கள். தோலின் சூடு இல்லாததால் துணியில் இனிப்பு இன்னும் நிதானமாக விரியும், மறுநாளும் இருக்கும்.

இனிப்பே வேண்டாம், மென்மை மட்டும் போதும் என்றால் நார்சிஸோ ரோட்ரிகஸ் ஃபார் ஹெர் (2003) பாருங்கள். கஸ்தூரி வாசத்துக்குள் பச்சௌலி அடங்கி உட்கார்ந்திருக்கும். தினமும் ஆபீஸுக்கு நான் போடுவது அதுதான். கொரமாண்டலை மார்கழிக்கு வைத்திருக்கிறேன்.