வேலி தாண்டுற அதிபர்கள்

அமெரிக்க அதிபரோட அதிகாரம் ஏதோ நேத்துதான் திடீர்னு வீங்கிடுச்சுன்னு பேசுறாங்க, எனக்கு அப்படி தோணல. போர் அறிவிக்கிற உரிமை காங்கிரசுக்குத்தான்னு (அதாவது அவங்க நாடாளுமன்றத்துக்கு) அரசியலமைப்புல தெளிவா இருக்கு, ஆனா முறைப்படி கடைசியா அறிவிச்சது 1942ல, அதுக்கப்புறம் கொரியா, வியட்நாம், ஈராக்னு எத்தனை சண்டை!

1952ல அப்போ அதிபரா இருந்த ட்ரூமன் ஸ்டீல் ஆலைகள கையில எடுத்தப்போ சுப்ரீம் கோர்ட் 6-3ன்னு முடியாதுன்னு சொல்லிச்சு, அவரும் திருப்பிக் குடுத்துட்டாரு. அந்தக் காலம் வேற.

என்னைக் கேட்டா பெரிய ஓட்டை எமர்ஜென்சி சட்டம்தான், அதாவது அதிபர் அவசரநிலைன்னு அறிவிச்சு கூடுதல் அதிகாரத்த எடுத்துக்கிற விஷயம். 1976ல அத போட்டப்போ காங்கிரஸோட ரெண்டு சபையும் ஓட்டுப் போட்டாலே எமர்ஜென்சி முடிஞ்சிரும்னு வெச்சிருந்தாங்க, ஆனா 1983ல கோர்ட் வேற ஒரு கேஸ்ல அந்த மாதிரி முறையே செல்லாதுன்னு சொல்லிடுச்சு, அதனால இப்ப முடிக்கணும்னா அதுக்கும் அதிபர் கையெழுத்து வேணும், இல்லன்னா ரெண்டு சபையிலயும் மூணுல ரெண்டு பங்கு ஓட்டு வேணும். திருடன்கிட்டயே சாவிய குடுத்த மாதிரி இல்ல? 2019ல எல்லைச் சுவருக்காக ட்ரம்ப் எமர்ஜென்சி போட்டாரு, ரெண்டு சபையும் வேணாம்னுச்சு, அவர் கையெழுத்து போடாம அத வீட்டோ பண்ணி தடுத்துட்டாரு, அவ்ளோதான் கதை.

போதாக்குறைக்கு 2024 ஜூலைல அதே கோர்ட், அதே 6-3, அதிபர் பதவியோட முக்கிய அதிகாரங்கள வெச்சு செஞ்சதுக்கு கிரிமினல் கேஸே போட முடியாதுன்னு தீர்ப்பு குடுத்துச்சு. இதுல ரெண்டு கட்சியும் தங்களோட ஆளு உக்காந்திருக்கும்போது மட்டும் கம்முனு இருப்பாங்க, அதான் எனக்கு எரிச்சலே.