கம்பி கட்டும் தொழிலில் தகைமை பெற்ற அனுபவம்

பாடசாலைக்குப் போய்வந்த காலத்தில், ஏ9 வீதியோரம் சாய்ந்து கிடந்த கிளிநொச்சித் தண்ணீர்த் தாங்கியின் முறிந்த தூண்களில் கம்பிகள் நீட்டிக்கொண்டிருப்பதை நின்று பார்த்திருக்கிறேன். கொங்கிறீற்றுக்குள் இத்தனை கம்பி இருக்கிறது என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. சாதாரண தரப் பரீட்சைக்குப் பின்னர், கிளிநொச்சியில் ஒரு மாடிக் கட்டட வேலைத்தளத்தில் கம்பி வேலைக்கு உதவியாளாகச் சேர்ந்தேன்.

முதல் மாதம் முழுவதும் சுமப்பதுதான் வேலை. வன்னி வெயிலில் பத்து மணிக்குப் பிறகு கம்பியை வெறுங்கையால் தொட முடியாது என்பதால், காலை ஆறு மணிக்கே தொடங்கிவிடுவோம். கட்டுக்கம்பி கையைக் கிழித்த அன்றே, பொறுப்பாக இருந்த அண்ணை என்னை வைத்தியசாலைக்கு அனுப்பி ஏற்புத் தடுப்பூசி போடச் செய்தார். இத்தொழிலுக்கு வருபவர்கள் அதை முன்கூட்டியே போட்டுக்கொள்வது நல்லது.

கட்டு ஒன்றைப் போடப் பழகுவதற்கே இரண்டு வாரம் பிடித்தது. கட்டுக்கம்பியை இரட்டையாக மடித்து, இரு கம்பிகளும் சந்திக்கும் இடத்தில் அடியால் மூலைவாட்டாகக் கொடுத்து, மடிப்பில் கொக்கியை மாட்டி, மறுநுனியையும் சேர்த்து முறுக்க வேண்டும். குறைத்து முறுக்கினால் கட்டு ஆடும். கூட்டி முறுக்கினால் அறுந்துவிடும். எங்கே நிறுத்துவது என்பதை மணிக்கட்டுத்தான் சொல்லித்தர வேண்டும். வால் நுனிகளை உட்பக்கம் மடித்துவிடாவிட்டால், அவை மேற்பரப்பை எட்டித் துருவை உள்ளே அழைத்துச் செல்லும்.

ஒருநாள் 225 மில்லிமீற்றர் சதுரத் தூணுக்கு, அதன் நிலைக்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் நாற்பது வளையங்களையும் அதே 225 அளவில் வளைத்து அடுக்கிவிட்டேன். அண்ணை ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, வளையமே பெட்டியை நிரப்பினா, கம்பியை மூடுற கொங்கிறீற் எங்க நிக்கும்?" என்று கேட்டார். பெட்டி என்பது கொங்கிறீற்றை வார்க்கும் அச்சு. நான்கு பக்கமும் 25 மில்லிமீற்றர் மூடுகனம் விட்டால் வளையத்தின் வெளியளவு 175 தான். அந்த நாற்பதையும் அவிழ்த்து மறுபடி வளைக்க முடியாது, ஏனெனில் ஒருமுறை மடித்த கம்பியை நிமிர்த்தினால் மடிப்பில் பலம் போய்விடும். அன்று வீணான இரும்பை நினைத்தால் இன்றும் மனம் வருந்துகிறது.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது பல்கனித் தட்டு. சுவரிலிருந்து வெளியே நீட்டிநிற்கும் தட்டு நுனியில் கீழ்நோக்கிச் சாய முயலும்போது, சுவரை அண்டிய பகுதியின் மேற்புறம் இழுபடுகிறது. கொங்கிறீற்று அழுத்தத்தைத் தாங்குமேயன்றி இழுவையைத் தாங்காது என்பதால், பிரதான கம்பி மேலேதான் இருக்க வேண்டும். இரு முனையிலும் தாங்கப்பட்ட சாதாரணத் தட்டின் நடுவிலோ அது கீழே இருக்க வேண்டும். நாங்கள் ஒழுங்காகக் கட்டி வைத்தாலும், கொங்கிறீற்றுப் போடுபவர்கள் மேற்கம்பியில் மிதித்து நடந்தால் அது அடிக்கு இறங்கிவிடும், பிறகு எவர் கண்ணுக்கும் தெரியாது. ஆகவே கம்பியாலேயே கதிரைபோல் வளைத்த தாங்கிகளை நெருக்கமாக வைத்து, கொங்கிறீற்று விழுந்து முடியும்வரை அருகில் நிற்பது எங்கள் பொறுப்பு.

மூன்று ஆண்டுகளின் பின் தேசிய தொழில் தகைமை மூன்றாம் மட்டத்துக்கு, முன்னனுபவத்தை அங்கீகரிக்கும் முறையில் விண்ணப்பித்தேன். செய்த வேலைகளின் படங்களையும் மேற்பார்வையாளரின் கடிதங்களையும் கோவையாக்கிக் கொடுத்தேன். மதிப்பீட்டாளர்கள் முன்னிலையில் கட்டுவதில் சிரமம் இருக்கவில்லை, வரைபடத்தில்தான் தடுமாறினேன். "7ரி12-03-150 பி1" என்ற ஒரு வரியில், உயர் பலக் கம்பி ஏழு, விட்டம் 12 மில்லிமீற்றர், கம்பி இலக்கம் 03, இடைவெளி 150, அடிப்பக்கத்தின் வெளி அடுக்கு என்ற அத்தனையும் அடங்கியிருக்கிறது. அதை வாசிக்கத் தெரியாததால் முதல் முறை தேர்ச்சி கிடைக்கவில்லை.

அடுத்த நான்கு மாதமும் வேலை முடிந்தபின் பழைய வரைபடங்களை வைத்துக்கொண்டு வெட்டு அட்டவணை, அதாவது எந்தக் கம்பியை எந்த நீளத்தில் எத்தனை வெட்டுவது என்ற பட்டியல், எழுதிப் பழகினேன். மில்லிமீற்றரில் உள்ள விட்டத்தை அதே விட்டத்தால் பெருக்கி 162 ஆல் வகுத்தால் ஒரு மீற்றரின் கிலோ நிறை வரும். 12 மில்லிமீற்றர் கம்பிக்கு அது ஏறத்தாழ 0.89. இரண்டாம் முறை அட்டவணையை எழுதி முடித்தபோது மேசையில் நேரம் மிச்சமிருந்தது. சான்றிதழ் கிடைத்த பின்னர் மாங்குளத்தில் ஒரு கட்டடத்தின் கம்பி வேலையை என்னிடம் ஒப்படைத்தார்கள். அங்கே முதல் வளையத்தை வளைத்ததும், வெட்டுவதை நிறுத்திவிட்டு, அதைப் பெட்டிக்குள் இறக்கி நான்கு பக்கமும் அளந்து பார்த்தேன்.