கார்வாலிஸ் அணியும் என் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளும்

மண்டபத்தில் கச்சான் காற்று ஓய்ந்து வாடை தொடங்கும் காலத்தில், ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு என் வீட்டுத் திண்ணைக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும், நான் மடிக்கணினியை விட்டு எழுந்து வர மாட்டேன் என்பது தெரியும். அமெரிக்காவின் மேற்குக் கரையில் அப்போது சனிக்கிழமை இரவு ஏழரை மணி. ஓரிகன் மாநிலத்தில் கார்வாலிஸ் என்னும் சிறு நகரத்தில், ஆரஞ்சும் கறுப்பும் உடுத்திய ஒரு கல்லூரி அணி அமெரிக்கக் கால்பந்து ஆடத் தொடங்கியிருக்கும். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக நான் அந்த அணியின் ரசிகன். இந்த விளையாட்டு இன்று போகும் திசையைப் பற்றி வீட்டில் பலமுறை பேசியாயிற்று. இனி எழுதி வைப்பதே முறை என்று தோன்றுகிறது.

1984 செப்டம்பரில், மீன்வள அறிவியலில் முதுகலை படிக்க, ஓரிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு உதவித்தொகையுடன் சென்றேன். கடலைப் பார்த்தே வளர்ந்தவனுக்குக் கடலிலிருந்து ஒன்றரை மணி நேரம் உள்ளே இருந்த அந்த ஊர் முதலில் ஒட்டவில்லை. ஓயாத மழை, பேச ஆளில்லாத அறை, புளியில்லாத சமையல். அக்டோபர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், ஆய்வகத்தில் என்னோடு பணியாற்றிய மூத்த மாணவர் ஒருவர் தம்மிடம் கூடுதலாக இருந்த நுழைவுச்சீட்டைக் கொடுத்து என்னை அரங்கத்துக்கு அழைத்துச் சென்றார். கால்பந்து என்று சொல்லி முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுகிறார்களே என்று முதல் அரைமணி நேரம் குழம்பினேன். நான்கு முயற்சிகளுக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும், முடியாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும் என்னும் ஒரே விதி பிடிபட்டதும், மற்றவையெல்லாம் தாமாக விளங்கின. அன்று எங்கள் அணி தோற்றது. அதில் யாருக்கும் வியப்பில்லை. 1971 முதல் ஒரு பருவத்தில்கூட அந்த அணி தோல்விகளைவிட அதிக வெற்றிகளைப் பெற்றதில்லை. அந்த நிலை 1998 வரை, மொத்தம் 28 பருவங்கள், நீடித்தது.

தோற்றுக்கொண்டே இருக்கும் அணியை ஒரு நகரம் முழுவதும் ஏன் நேசிக்கிறது என்பதே என்னை அந்த விளையாட்டுக்குள் இழுத்தது. அரங்கத்தில் என் வலப்பக்கம் அமர்ந்திருந்தவர் பால்பண்ணைக்காரர். இடப்பக்கம் இருந்தவர் மரம் அறுக்கும் ஆலையில் வேலை செய்தவர். இருவரும் கல்லூரியில் படித்தவர்கள் அல்லர். ஆனாலும் அணியைப் பற்றிப் பேசும்போது ‘நாங்கள்’ என்றே சொன்னார்கள். முந்தைய ஆண்டு, 1983இல், யூஜீன் நகரத்து ஓரிகன் பல்கலைக்கழகத்தோடு மழையில் ஆடி, இரு தரப்பும் ஒரு புள்ளிகூட எடுக்காமல் 0-0 என்று முடிந்த ஆட்டத்தைப் பற்றி அவர்கள் வாய் ஓயாமல் பேசினார்கள். கல்லூரிக் கால்பந்தின் முதல் நிலையில் புள்ளியே இல்லாமல் முடிந்த கடைசி ஆட்டம் அது; 1996இல் கூடுதல் நேர விதி வந்த பிறகு அப்படியொரு முடிவுக்கே வழியில்லை. யூஜீனுக்கும் கார்வாலிஸுக்கும் இடையே ஏறத்தாழ 65 கிலோமீட்டர். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் போவதைவிடச் சற்றே கூடுதல். 1894 முதல் அவ்விரு கல்லூரிகளும் மோதி வருகின்றன. ஒரே வீட்டில் அண்ணன் ஒரு நிறமும் தம்பி மறு நிறமும் உடுத்துவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

எனக்கு அது புதிதாகத் தோன்றாததற்குக் காரணம் உண்டு. என் தாயாரின் ஊர் தொண்டிக்கு அருகில். அங்கே கோயில் திருவிழாக்களில் பாய்மரப் படகுப் போட்டி நடக்கும். எந்த வத்தை முந்தியது என்று யாரும் கேட்பதில்லை. எந்த ஊர் முந்தியது என்றுதான் கேட்பார்கள். நம்புதாளைக்காரர்களை மோர்ப்பண்ணைக்காரர்கள் வென்றால் அந்தப் பேச்சு அடுத்த திருவிழா வரை சந்தையிலும் பேருந்திலும் நடக்கும். வெல்லப்பட்டவர் நாளை நம் கண்ணெதிரே நடமாடப் போகிறவர் என்பதுதான் அந்த வெற்றிக்கு ருசி தருகிறது.

1985 அக்டோபர் 19 என் வாழ்வில் மறக்க முடியாத நாள்களுள் ஒன்று. சியாட்டில் நகரில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தோடு ஆட்டம். எங்கள் அணி 38 புள்ளி வித்தியாசத்தில் தோற்கும் என்று கணித்திருந்தார்கள். ஆய்வகத்தில் இறால் மாதிரிகளை எண்ணிக்கொண்டே வானொலியில் கேட்டோம். ஆட்டம் முடிய ஒன்றரை நிமிடமே இருந்தபோது, பின்னுக்குத் தள்ளப்பட்ட வாஷிங்டன் அணி பந்தை உதைத்து அப்புறப்படுத்த முயன்றது. ஆந்த்ரே டாட் என்னும் ஆட்டக்காரர் அந்த உதையைத் தடுத்தார். எல்லைக்கோட்டுக்கு உள்ளே உருண்ட பந்தின்மீது எங்கள் ஆள் ஒருவர் விழுந்தார். 21-20 என்று வென்றோம். நான் எண்ணிய இறால்களின் கணக்கு தவறிப் போயிற்று. மறுநாள் முதலிலிருந்து எண்ணினேன்.

1986இல் ஊர் திரும்பி, மன்னார் வளைகுடாவின் மீன்வளத்தைப் பற்றிய வேலையில் சேர்ந்தேன். அந்தக் காலத்தில் ஆட்டத்தின் முடிவு எனக்குத் தெரிய மூன்று வாரம் ஆகும்; அந்த மூத்த மாணவர் செய்தித்தாளிலிருந்து கத்தரித்து வான்வழி அஞ்சலில் அனுப்புவார். 2001 புத்தாண்டு நாளில், பருவ முடிவில் நடக்கும் ஃபியஸ்டா பௌல் ஆட்டத்தில் நோட்டர் டேம் அணியை 41-9 என்று வீழ்த்தி, 11 வெற்றி ஒரே தோல்வி என்று அந்தப் பருவத்தை முடித்தபோது, அவர் கடிதம் எழுதப் பொறுக்காமல் தொலைபேசியில் அழைத்தார். பேச முடியாமல் இருவரும் சிறிது நேரம் வெறுமனே மூச்சுவிட்டுக்கொண்டிருந்தோம்.

இனி இன்றைய நிலைக்கு வருகிறேன். என் வயதொத்த ரசிகர்களில் பலர், ஆட்டக்காரர்களுக்குப் பணம் கொடுக்கத் தொடங்கியதுதான் விளையாட்டைக் கெடுத்தது என்கிறார்கள். நான் அதை அடியோடு மறுக்கிறேன். பல மாநிலங்களில் அரசு ஊதியம் பெறுவோரில் முதலிடத்தில் இருப்பவர் பல்கலைக்கழகப் பயிற்சியாளர். தொலைக்காட்சி நிறுவனங்கள் கோடிக்கணக்கில் கொடுத்தன, அரங்கங்கள் அரண்மனைகளாயின, மிச்சிகன் பல்கலைக்கழக அரங்கில் ஒரு லட்சத்து ஏழாயிரம் பேருக்கு மேல் அமரலாம். ஆனால் எலும்பு முறிய ஆடிய பத்தொன்பது வயதுப் பையனுக்குக் கிடைத்தது படிப்புச் செலவு மட்டும். தன் எண் பொறித்த சட்டையை ஊரார் காசு கொடுத்து வாங்கினாலும் அதில் ஒரு காசு அவனைச் சேராது. வலை இழுத்தவனுக்குப் பங்கு கொடுக்காத முதலாளியை நம் கடற்கரையில் யாராவது நல்லவர் என்பார்களா? 2021 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும், கல்வி தொடர்பான உதவிகளுக்குக் கல்லூரி விளையாட்டு அமைப்பு வரம்பு விதிப்பது செல்லாது என்று ஒருமித்துத் தீர்ப்பளித்தார்கள். அடுத்த மாதமே ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் கொண்டு விளம்பர வருமானம் ஈட்ட அனுமதி கிடைத்தது. 2025 ஜூனில் ஒரு நீதிமன்ற உடன்பாட்டின்படி, ஒவ்வொரு கல்லூரியும் ஆண்டுக்குச் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை தன் விளையாட்டு வீரர்களுக்கு நேரடியாகவே வழங்கலாம் என்றாயிற்று. காலம் தாழ்ந்து வந்த நீதி, ஆனாலும் நீதி.

கல்லூரி விட்டுக் கல்லூரி மாறுவதைப் பற்றி என் மனம் இன்னும் ஒரு நிலையில் நிற்கவில்லை. முன்பு மாறுகிறவன் ஓர் ஆண்டு ஆடாமல் உட்கார வேண்டும். 2021 முதல் ஒருமுறை தடையின்றி மாறலாம், 2024 முதல் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம். பயிற்சியாளர் நினைத்தபோது வேறு வேலைக்குப் போகலாம், ஆட்டக்காரன் மட்டும் போகக் கூடாது என்பது நியாயமில்லை. 2000ஆம் ஆண்டு களத்தில் எங்கள் அணியை நடத்திய ஆட்டக்காரர் ஜானதன் ஸ்மித், பின்னர் எங்கள் பயிற்சியாளராகி, 2023 இறுதியில் மிச்சிகன் ஸ்டேட்டுக்குப் போனதை நான் நெஞ்சு வலிக்கப் பார்த்தேன். இருந்தும், முதலாம் ஆண்டில் பந்தைத் தவறவிட்டுத் தலைகுனிந்த பையன் நான்காம் ஆண்டில் நிமிர்ந்து நிற்பதைப் பார்ப்பதுதான் கல்லூரி ஆட்டத்துக்கே உரிய இன்பம். ஒவ்வொரு செப்டம்பரிலும் பாதிப் பெயர்களைப் புதிதாக மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கிறது. நம் பக்கத்துக் கபடிப் போட்டிகளில் வெளியூர் ஆளைக் காசு கொடுத்து இறக்குவதை நான் பார்த்திருக்கிறேன். அவன் பிடித்தாலும் கைதட்டுகிறோம், ஆனால் அந்தத் தட்டலில் உறவு இல்லை.

இவையெல்லாம் பொறுத்துக்கொள்ளத்தக்கவை. என்னால் பொறுக்க முடியாதது வேறு. நான் அமெரிக்கா போய்ச் சேர்வதற்குச் சில மாதங்கள் முன்பு, 1984 ஜூனில், கல்லூரி ஆட்டங்களின் ஒளிபரப்பு உரிமையை மைய அமைப்பு ஒன்றே வைத்திருக்கக் கூடாது என்று அதே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. ஓக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் தொடுத்த வழக்கு அது. அன்றிலிருந்து யார் பெரிய கூட்டமாகச் சேர்ந்து தொலைக்காட்சியிடம் விலை பேசுகிறார்களோ அவர்களுக்கே பணம் என்றாகி, முப்பது நாற்பது ஆண்டுகளில் அந்தக் கணக்கு எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. 2022 ஆகஸ்டில் தமக்குள் ஆடிக்கொள்ளும் கல்லூரிகள் சேர்ந்த பிக் டென் என்னும் கூட்டமைப்பு ஏழு ஆண்டுகளுக்கு 700 கோடி டாலருக்கு மேல் ஒப்பந்தம் செய்தது. அதற்குச் சற்று முன்பே லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தின் இரு பெரிய கல்லூரிகள் மேற்குக் கரையின் எங்கள் பேக்-12 கூட்டமைப்பை விட்டு அங்கே போவதாக அறிவித்திருந்தன. 2023 ஆகஸ்ட் 4 அன்று ஒரே நாளில் ஓரிகன், வாஷிங்டன் உட்பட ஐந்து கல்லூரிகள் விலகின. செப்டம்பர் பிறந்ததும் ஸ்டான்ஃபோர்டும் கலிபோர்னியாவும் போயின. 1915இல் தொடங்கிய கூட்டமைப்பில், அதை நிறுவிய நான்கில் ஒன்றான எங்கள் கல்லூரியும், வாஷிங்டன் ஸ்டேட்டும் என இருவர் மட்டும் மிஞ்சினோம்.

சான்ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவின் கரையில் இருக்கும் ஸ்டான்ஃபோர்டும் கலிபோர்னியாவும் சேர்ந்த கூட்டமைப்பின் பெயர் அட்லாண்டிக் கோஸ்ட். வடகடலும் தென்கடலும் இரு கைக்கு எட்டும் மண்டபத்தில் வாழ்கிறவன் நான். பாக் நீரிணை வேறு, மன்னார் வளைகுடா வேறு. நிறம் வேறு, மீன் வேறு, காற்று வேறு. தென்கடலில் பிடித்ததை வடகடல் என்று பதிவேட்டில் எழுதினால் அந்தப் பதிவேடே பயனற்றதாகிவிடும். யூஜீனின் ஓரிகன் அணி இன்று கூட்டமைப்பு ஆட்டம் ஒன்றுக்காக ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் பறந்து நியூ ஜெர்சி போகிறது. அங்கே வென்றாலும் தோற்றாலும் திங்கட்கிழமை காலையில் பால்பண்ணைக்காரரின் வாசலில் நின்று கேலி பேச எதிரூர்க்காரர் ஒருவரும் இருக்கப் போவதில்லை.

2022 நவம்பரில் 31-10 என்று பின்தங்கியிருந்த எங்கள் அணி, ஓரிகனை 38-34 என்று வென்றது. அன்று கார்வாலிஸ் அரங்கத்தில் கூட்டம் மைதானத்துக்குள் இறங்கியதை நான் இங்கே அதிகாலையில் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவி எழுந்து வந்து என்ன ஆயிற்று என்று கேட்டபோது தொண்டை அடைத்திருந்தது. இரண்டே ஆண்டில், 2024 செப்டம்பரில், அதே அரங்கத்தில் 49-14 என்று தோற்றோம். தோல்வி எனக்குப் பழக்கமானது. ஆனால் ஒருவர் கையில் வருமானம் பல மடங்கு பெருகி, மற்றவர் கையில் சுருங்கிய பிறகு வரும் தோல்வியை, 1984இன் தோல்வியோடு ஒரே தட்டில் வைக்க என்னால் இயலவில்லை.

சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதிச் சுற்று 2024 முதல் 12 அணிகளாக விரிந்ததை வரவேற்கிறேன். 2023இல் 13 ஆட்டங்களையும் வென்ற ஃபுளோரிடா ஸ்டேட், நான்கு அணிகளுக்குள் இடம் பெறாமல் வெளியே நிறுத்தப்பட்டதை நினைத்தால், விரிவு தேவையாகத்தான் இருந்தது. மூளைக் காயத்தைப் பற்றியும் சொல்லாமல் விடக் கூடாது. 2017இல் வெளியான பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வில், தானமாகக் கிடைத்த கல்லூரி ஆட்டக்காரர்கள் 53 பேரின் மூளைகளில் 48இல் நாள்பட்ட பாதிப்பு காணப்பட்டது. அறிகுறி உள்ளவர்களின் குடும்பங்களே பெரும்பாலும் தானம் செய்வார்கள் என்பதால் அந்த விகிதத்தை எல்லோருக்கும் பொருத்த முடியாது. ஆனால் தலையில் இடி வாங்கிய பையன் தள்ளாடி எழும்போது நான் இப்போது கைதட்டுவதில்லை. அவனை வெளியே அழைத்துப் போகிறார்களா என்று மட்டும் பார்க்கிறேன்.

2024, 2025 ஆகிய இரு பருவங்கள் இரண்டே அணிகளோடு பேக்-12 உயிர் பிடித்திருந்தது. கைவிடப்பட்ட அவ்விருவரும் 2024 நவம்பரில் கார்வாலிஸில் மோதினார்கள். 41-38 என்று நாங்கள் வென்றோம். அன்று எதிரணி மீது எனக்குத் துளியும் பகை எழவில்லை. 2026 பருவத்தில் பாய்ஸி ஸ்டேட், ஃப்ரெஸ்னோ ஸ்டேட், சான் டியேகோ ஸ்டேட், கொலராடோ ஸ்டேட், யூட்டா ஸ்டேட், டெக்சாஸ் ஸ்டேட் ஆகியவை சேர்ந்து, எட்டு அணிகளின் கூட்டமைப்பாக அது மீண்டும் நிற்கிறது. டெக்சாஸ் தொலைவுதான், மற்றவை மேற்கு மாநிலங்கள்.

எனக்கு முதல் நுழைவுச்சீட்டைக் கொடுத்த அந்த மூத்த மாணவருக்கு இப்போது எழுபத்தைந்து வயது. புதிய அணிகளின் பெயர்களையும் ஆட்ட நாள்களையும் தம் கையால் எழுதிய தாளைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். ஓரத்தில் இந்திய நேரத்தையும் குறித்திருக்கிறார். நவம்பர் தொடக்கத்தில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள் என்பதை மறந்து, கடைசி நான்கு ஆட்டங்களுக்கும் எட்டு மணி என்றே போட்டிருந்தார். ஒன்பது என்று திருத்தி, குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன்.