அப்பத்தா சொன்னதும் நான் எழுதியதும்

கார்கில் சண்டையில் சித்தப்பா இறந்தபோது அவருக்கு 24 வயது. எனக்கு 13. அப்பாவுடன் பிறந்தவர்களில் அவர்தான் கடைசி. பீரங்கிப் படையில் லாரி டிரைவர். அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று, கார்கில் வெற்றி தினமான ஜூலை 26ஆம் தேதிகளில் எத்தனையோ தடவை உட்கார்ந்திருக்கிறேன், நாலு வரி எழுதி அழித்திருக்கிறேன். எழுத விடாமல் செய்தது ஒரு விஷயம். சரி, அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அப்பத்தா கைநாட்டு. மகனுக்குப் போன கடிதமெல்லாம் அது சொல்லச் சொல்ல நான் எழுதியவை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திண்ணையில் இன்லேண்ட் லெட்டரை நோட்டின் மேல் வைத்துக்கொண்டு உட்காருவேன். அப்பத்தா காலை நீட்டிக்கொண்டு, எதிரில் சித்தப்பாவே இருப்பது போலப் பேசத் தொடங்கும். அரை மணி நேரம் நிற்காது. ஆடு குட்டி போட்டது, கிணற்றில் தண்ணீர் எத்தனை படி இறங்கியது, யார் வீட்டில் யாரோடு பேச்சுவார்த்தை இல்லை என்பது வரைக்கும். நடுவில் அழும். மூக்கைச் சிந்திவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரும்.

எனக்கு விளையாடப் போகும் அவசரம். "அன்புள்ள சித்தப்பாவுக்கு, இங்கு அனைவரும் நலம். நலமறிய ஆவல். ஆடு குட்டி போட்டது. மழை இல்லை. அப்பத்தா உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னது." இதையே பெரிய பெரிய எழுத்தில் எழுதிப் பக்கத்தை நிரப்பிவிடுவேன். முடித்ததும் அப்பத்தா, "எங்க, படி" என்னும். அப்போது தாளைப் பார்த்தபடியே, அது பேசியதையெல்லாம் ஞாபகத்திலிருந்து ஒப்பிப்பேன். ஒரு வார்த்தை விடாமல் வரும். அப்பத்தா தலையாட்டிக் கேட்டுவிட்டு, எச்சில் தொட்டு ஓரத்தைத் தன் கையாலேயே ஒட்டும்.

விலாசம் மட்டும் ஒழுங்காக எழுதுவேன். படை எண், பெயர், ரெஜிமென்ட், கடைசியில் 56 ஏ.பி.ஓ. ஊர்ப்பெயர் கிடையாது. காஷ்மீரில் இருந்தாலும் ராஜஸ்தானில் இருந்தாலும் அதே விலாசம்தான், ராணுவத் தபால்காரர்கள் படைப்பிரிவைத் தேடிக்கொண்டு போய்க் கொடுப்பார்கள். "ஊரே எழுதாம எப்படித்தா போய்ச் சேரும்?" என்று அப்பத்தா ஒவ்வொரு தடவையும் கேட்கும்.

சித்தப்பா கண்டுபிடித்துவிட்டார். அவர் கடிதத்தின் ஓரத்தில் எனக்கென்று தனியாக ஒரு வரி வந்தது: "பாப்பா, ஆத்தா இவ்வளவுதான் பேசுச்சா? நான் நம்பமாட்டேன்." அதை அப்பத்தாவிடம் படித்துக் காட்டவில்லை.

1999 மே மாதக் கடைசியில் டிவி செய்தியில் திராஸ், கார்கில், படாலிக் என்ற பெயர்கள் தினமும் வர ஆரம்பித்தன. வீட்டில் பெரியவர்கள் அப்பத்தாவிடம் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அதற்குத் தெரிந்துவிட்டது. அந்த வாரம் சொன்ன கடிதத்தில், ராத்திரியில் வண்டி ஓட்ட வேண்டாம் என்று எழுதச் சொன்னது. பட்டாளத்தில் அப்படியெல்லாம் சொல்ல முடியுமா, கூட இருப்பவர்கள் படித்தால் சித்தப்பாவைக் கேலி செய்வார்களே என்று எனக்குத் தோன்றியது. எழுதவில்லை. வாசித்துக் காட்டும்போது மட்டும் சொன்னேன்.

எழுதியிருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது. இது எனக்குத் தெரியும். ஸ்ரீநகரிலிருந்து லே போகும் சாலை திராஸ் வழியாகத்தான் போகிறது. அங்கே தோலோலிங் சிகரத்தைப் பிடித்து உட்கார்ந்திருந்த பாகிஸ்தான்காரனுக்கு அந்தச் சாலை உள்ளங்கை மாதிரி தெரியும். பகலில் எது நகர்ந்தாலும் குண்டு விழும். அதனால் லாரிகள் ராத்திரியில்தான் போகும், அதுவும் ஹெட்லைட் போடாமல். முன்னால் போகும் லாரியின் பின்அச்சில் அடித்திருக்கும் வெள்ளைப் பெயிண்ட்தான் பின்னால் வருபவருக்கு வழி. இதெல்லாம் சித்தப்பாவின் லாரிக்குப் பின்னால் வண்டி ஓட்டி வந்தவர், பிறகு வீட்டுக்கு வந்தபோது சொன்னது. அந்த வெள்ளை திடீரென்று தெரியாமல் போனது என்றார். அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை.

போஃபர்ஸ் பீரங்கியின் குண்டு ஒன்று 40 கிலோவுக்கு மேல் இருக்கும். அந்தச் சண்டையில் நம் பீரங்கிப் படை சுட்ட குண்டுகளும் ராக்கெட்டுகளும் இரண்டரை லட்சத்துக்கும் அதிகம். உச்சிக்கு ஏறிப் போனவர்களைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம், பேசவும் வேண்டும். ஆனால் அத்தனை குண்டையும் யாரோ இருட்டில் ஓட்டிக்கொண்டு போய்த்தானே சேர்த்திருக்கிறார்கள். ஜூன் 13ஆம் தேதி தோலோலிங்கைப் பிடித்தார்கள். சித்தப்பா அதற்கு நாலு நாள் முன்னால் போய்விட்டார்.

உடல் வந்த நாளைப் பற்றி எழுத என்னிடம் அதிகம் இல்லை. பெரியவர்களின் முதுகுகளைத்தான் பார்த்தேன். துப்பாக்கிச் சத்தம் கேட்டது.

அப்புறம் கருப்பு டிரங்குப் பெட்டி வந்தது. மூடியில் வெள்ளை எழுத்தில் எண்ணும் பெயரும். ஷேவிங் செட்டுக்கும் ஸ்வெட்டருக்கும் அடியில், பூட்ஸ் கயிற்றால் கட்டிய இன்லேண்ட் கட்டு. எல்லாம் என் கையெழுத்து. மொத்தம் 31. பழைய கடிதங்கள் மடிப்பில் கிழிந்து, காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரியால் ஒட்டப்பட்டிருந்தன. பத்து வரிகூட இல்லாத கடிதத்தை, மடிப்பு கிழிகிற வரைக்கும் படித்திருக்கிறார்.

அப்பத்தா கட்டை என் மடியில் வைத்து, "படித்தா" என்றது. இந்தத் தடவை ஒப்பிக்க முடியவில்லை. எந்த ஞாயிற்றுக்கிழமை என்ன பேசியது என்று எனக்கு நினைவில்லை. தாளில் இருந்ததை மட்டும் படித்தேன். சீக்கிரமே முடிந்துவிட்டது. அப்பத்தா கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "நெறையச் சொன்ன மாதிரி இருந்துச்சே" என்றது. "அவ்வளவுதான் அப்பத்தா" என்றேன். 2011இல் அது இறக்கும்வரை நான் உண்மையைச் சொல்லவில்லை.

போன செப்டம்பரில் திராஸுக்குப் போனேன். நினைவிடம் தோலோலிங்கின் அடிவாரத்திலேயே இருக்கிறது. கழுத்தை நிமிர்த்தினால் சிகரம். பெயர்கள் பொறித்த சுவரில் சித்தப்பாவின் பெயரைத் தேடி எடுத்து, விரலை வைத்துக்கொண்டு நின்றேன். சாயங்காலம் வெளியே வந்தபோது சாலையில் ராணுவ லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. எல்லாவற்றிலும் ஹெட்லைட் எரிந்தது.

சித்தப்பா, கடைசிக் கடிதத்தில் நான் விட்டது இது. இந்த ஒன்று மட்டும் இன்னும் மனப்பாடமாக இருக்கிறது:

"அய்யா, வெள்ளாடு ரெண்டு குட்டி போட்டுருக்கு. ஒண்ணு முழுக் கருப்பு, ஒண்ணுக்கு நெத்தியில வெள்ளை. நீ வர்ற வரைக்கும் ரெண்டையும் விக்கமாட்டேன். கிணத்துல இன்னும் எட்டுப் படி தண்ணி கெடக்கு. உங்க அண்ணன் டிவிப் பெட்டிய நான் வந்தா அமத்திருது, நான் ஒண்ணும் கேக்குறதில்ல. ராத்திரியில வண்டி எடுக்காதய்யா. விடிஞ்சப்புறம் எடு. ஆபீசர் கோவிச்சா, எங்க ஆத்தா சொல்லுச்சுன்னு சொல்லு."